எண்ணெய் போடாத சக்கரம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே அதிகம் சத்தம் வந்த வீடு எங்களுடையது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை இருக்கும் வீடு அமைதியாக இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தான் எழுப்பும் சத்தம் தனக்கே தெரியாதவன் ஒரு டம்ளரை எதற்காக மெதுவாக வைக்க வேண்டும்? என் மகன் குளியலறைக் கதவைச் சாத்தினால் கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிரும். நாற்காலியை இழுத்தால் மாடி வீட்டு அம்மா தரையைத் தட்டுவார். படிக்கும்போது அவன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும். பழைய மின்விசிறி ஓடுவதுபோல ஒரே சுருதியில், விட்டு விட்டு. அப்படி ஒன்று தன்னிடமிருந்து வருகிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

"பாடறான் பாருங்க" என்பாள் என் மனைவி.

சமையலறையில் நின்றபடியே அவன் எந்த அறையில் என்ன செய்கிறான் என்று அவளால் சொல்ல முடியும். குரல் கொடுத்தால் திரும்பாத பிள்ளையை அந்தச் சத்தங்களைக் கொண்டுதான் அவள் வளர்த்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் முழுசாக ஒரு மொழி இருந்தது. சின்ன வயதில் அவனைக் காது கேளாதோர் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பிவிட மாட்டாள். வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து சைகைகளைக் கற்றுக்கொண்டாள். நான் கிண்டியில் அலுவலகம், காலையில் போனால் இருட்டியபின் வருகிறவன். எனக்குத் தெரிந்தவை சாப்பிட்டாயா, தூங்கு, நாளைக்கு, வா, போ. இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். சைகையில் ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினால் நான். மூக்குத்தி இருக்கும் இடத்தில் விரலை வைத்தால் அவள்.

செல்போன் எங்கள் தெருவில் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருடங்களில், ஒரு நாள் நான் அலுவலகம் கிளம்பிப் போன பிறகு அவள் சமையலறையில் விழுந்தாள். அடுத்த அறையில் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து அவன் படித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோதுதான் பார்த்திருக்கிறான். அதற்குள் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர், உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். மாடி வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாத்திரம் விழுந்தது கேட்டுச்சு சார். உங்க வீட்ல எப்பவும் கேக்கற சத்தம்தானேன்னு இருந்துட்டேன்."

அதைப் பற்றி நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. பேச என்னிடம் கை இல்லை. எழுதிக் காட்டலாமே என்று கேட்பார்கள். எழுதினால் தாளில் நிற்கும், கிழித்துப் போட வேண்டும், கிழிப்பதை இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் டம்ளரை டொக்கென்று வைப்பான். எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும். இன்றைக்கும் எங்காவது ஒரு பாத்திரம் விழுந்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கக் கொஞ்ச நேரமாகும்.

அவள் போவதற்கு முன்பே அவனை நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பில் சேர்த்திருந்தாள். புத்தகங்களை எண் வரிசையில் அடுக்குவது அவனுக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை முடித்துவிட்டு அவன் வீட்டில் இருந்தான். எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் போனபிறகு இவன் யாருடைய வீட்டில், யாருடைய தயவில் இருப்பான் என்ற ஒரே நினைப்போடு படுப்பேன், அதே நினைப்போடு எழுந்திருப்பேன். அவனுக்கென்று நிலையான ஒரு வேலை கிடைத்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பாதி விடையாவது கிடைக்கும்.

கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே நூலகத்தில் உதவியாளர் இடம் காலி, ஊனமுற்ற பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்று என்னோடு வேலை செய்தவர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். ஊனமுற்றோர் என்றுதான் அப்போது எழுதுவார்கள். அதற்கு முன்னால் பள்ளி, படிப்பு என்று எந்த நேர்காணலுக்கும் அவன் அம்மாதான் கூடப் போவாள். அந்தத் தடவை நான் போனேன்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் கல்லூரித் தாளாளர். இன்னொருவர் நூலகத் தலைவி, ஐம்பது வயதை ஒட்டிய அம்மா, நரைத்த முடியைச் சாயம் பூசாமல் விட்டிருந்தார். தாளாளர் அவனைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார்.

"லைப்ரரின்னா அமைதியா இருக்கணும். தம்பியும் அமைதி. இதைவிடப் பொருத்தம் வேற என்ன வேணும் மேடம்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நாள் பூரா பேசற வேலை சார் இது. படிக்க வர்றவங்கதான் பேசக்கூடாது. நாங்க பேசியே ஆகணும்." பிறகு என்னிடம் திரும்பினார். "சார், இதை அவன்கிட்ட கேளுங்க. ஒரு ஸ்டூடண்ட் வர்றான். புத்தகத்தோட பேரும் தெரியாது, எழுதினவர் பேரும் தெரியாது. பச்சை அட்டை, போன செமஸ்டர்ல பார்த்தேங்கறான். இவன் என்ன பண்ணுவான்?"

புத்தகம் என்று காட்டினேன். பச்சைக்கு என்ன சைகை என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைக் காட்டினேன். ஒரு பையன் வருவதுபோல விரல்களை நடக்கவிட்டேன். அவன் புருவம் சுருங்கியது, பிறகு விரிந்தது. அவன் கைகள் வேகமாகப் பேசின. அவன் அம்மாவிடம் பேசும் வேகம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன சொல்றான் சார்?" என்றார் தாளாளர்.

"எனக்குப் புரியலை" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "அவங்கம்மாவுக்குத்தான் எல்லாம் புரியும். அவங்க இப்ப இல்ல."

நூலகத் தலைவி ஒரு தாளையும் பேனாவையும் என்னைத் தாண்டி நேராக அவன் பக்கம் தள்ளினார். கேட்டதையே எழுதிக் கேட்டார். அவன் எழுதும் தமிழில் சொற்கள் முன்னும் பின்னுமாக வரும். சைகை மொழியின் வரிசை அது. 'பச்சை தெரியும் அவன். நான் அவன் கூட நடப்பேன். அடுக்கு அடுக்கு பார்ப்போம். கிடைக்கும் வரை' என்று எழுதியிருந்தான்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "என் ஸ்டாஃப் யாரும் கூட நடக்கறதில்ல சார். உட்கார்ந்த இடத்துலேர்ந்து கையை நீட்டறதோட சரி."

வாசல்வரை எங்களோடு வந்தார். நூலகக் கவுன்ட்டரில் வேலை செய்த நான்கு பேரும் ஒருவருக்கொருவர் சொந்தம் அல்லது ஒரே காலனி என்றார். "ஒருத்தர் ரிடையர் ஆனா அவரோட மருமகன் வந்து உக்கார்றார். காலேஜுக்கு எல்லா ஊர்ப் பிள்ளைங்களும் வருது. சில பிள்ளைங்க கவுன்ட்டர் பக்கமே வராது, எங்களைப் பார்த்தாலே பயம். வெளியாளா எடுங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இப்பதான் தாளாளர் ஒத்துக்கிட்டார். ஆனா ஒண்ணு சார். ஆறு மாசம் தற்காலிகம். அது முடியறப்ப, இவனை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நான் எழுதணும். பாவம் பார்த்து எழுத மாட்டேன்."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

அவன் தினமும் ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து செங்கல்பட்டு ரயிலைப் பிடிப்பான். கூடுவாஞ்சேரியில் எல்லாரும் தண்டவாளத்தைக் கடந்துதான் போவார்கள். காது கேளாதவன் தண்டவாளத்தில் இறங்குவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். மேம்பாலம் ஏறித்தான் போக வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் செல்போனில் ஒரு செய்தி அனுப்புவான். 'வந்துட்டேன்' என்று ஒரே சொல், ஆங்கில எழுத்தில். அது வரும்வரை அலுவலகத்தில் என் பேனா ஓடாது.

இரண்டு மாதம் இப்படிப் போனபிறகு, ஒரு நாள் நூலகத் தலைவி என் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். வேலையில குறையே இல்ல. ஆனா சத்தம் தாங்கல."

"சத்தமா?"

"டிராலிய தள்ளிட்டுப் போனா கட்டடமே ஆடுது. புத்தகத்தை அடுக்கறானா, எறியறானான்னு தெரியல. முத்திரை குத்தறப்ப மேஜை குதிக்குது. அப்புறம் தொண்டையில ஒரு மாதிரி... பசங்க சிரிக்கறாங்க. பரீட்சை நேரம் வேற. ஒரு பேராசிரியர் எழுத்திலேயே புகார் கொடுத்துட்டார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, அமைதியான பையன்னு நெனச்சுத்தானே எடுத்தோம்கறார். நான் என்ன சொல்ல? வீட்ல கொஞ்சம் பழக்குங்க சார். முடிவு எழுதற நேரம் வந்துடும்."

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது.

சத்தம் என்றால் என்னவென்று தெரியாதவனுக்குச் சத்தம் போடாதே என்று எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து, ஒரு எவர்சில்வர் தட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தேன். அவனை எதிரே உட்காரவைத்து, டம்ளரை அவன் வைப்பதுபோல வைத்தேன். தண்ணீர் நடுங்கியது. பிறகு மெதுவாக வைத்தேன். தண்ணீர் அசையவில்லை. அசைந்தால் கெட்டது, அசையாவிட்டால் நல்லது என்று கட்டைவிரலைக் கீழும் மேலுமாகக் காட்டினேன். நாற்காலியை இழுத்தேன், தட்டு அலையடித்தது. தூக்கி நகர்த்தினேன், பேசாமல் இருந்தது.

அவன் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை வருடமும் தான் செய்த ஒவ்வொன்றும் மற்றவர்கள் மேல் போய் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். கூச்சத்தில் முகம் சிவந்துவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் தட்டும் தண்ணீரும்தான். கனமான புத்தகங்களை அடுக்கி எடுக்கப் பழகினான். ஒரு ரப்பர் துண்டை வைத்து முத்திரை குத்திப் பழகினான். என் மகனோடு நான் அவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் உட்கார்ந்ததே இல்லை. தொண்டையின் முனகல்தான் கடினமாக இருந்தது. அவன் கையை எடுத்து அவன் கழுத்திலேயே வைத்தேன். அவனுக்கே தெரியாமல் அது வந்தபோது விரல்களை அழுத்தினேன். அவன் கண்கள் அகன்றன. என்னைக் கேட்டான், நன்றாகப் புரிந்தது: இது எப்போதிலிருந்து? சின்ன வயதிலிருந்து என்று கையைத் தாழ்த்திக் காட்டினேன். அம்மா கேட்டிருக்கிறாளா என்று மூக்கைத் தொட்டு, காதைத் தொட்டுக் கேட்டான். தலையாட்டினேன். அது பாட்டு என்று அவள் சொன்னாள் என்பதைச் சொல்ல விரும்பினேன். பாட்டு என்பதற்கு எனக்குச் சைகை தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் தட்டை நகர்த்திவிட்டு, உள்ளங்கையை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டான். பிறகு குனிந்து தரையில் கையை வைத்தான். நிமிர்ந்து, மூக்கைத் தொட்டான். கையை நிறுத்திப் பிடித்து அப்படியே சாய்த்தான். தரையைக் காட்டினான், நடுங்குவதுபோல விரல்களை அசைத்தான். தன் பாதத்தைக் காட்டினான். பிறகு கட்டிலைக் காட்டி, கால்களை மடக்கி உட்காருவதைக் காட்டினான்.

அம்மா விழுந்தபோது தரை நடுங்கியிருக்குமா? என் கால் தரையில் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?

அவன் சொன்னதில் ஒரு சைகைகூட எனக்குத் தவறவில்லை. முதல் முறையாக முழுவதும் புரிந்தது. இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் நம்பவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய், செருப்பில்லாத காலைத் தரையில் ஊன்றிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். சமையலறையைக் காட்டினான். போ, விழு என்றான்.

நான் சமையலறைக்குப் போனேன். அவள் விழுந்த இடத்தில் என்னால் விழ முடியவில்லை. மூலையில் இருந்த அரிசி மூட்டையை இடுப்புவரை தூக்கி அங்கே போட்டேன். மாடி வீட்டு அம்மாவின் காலடி ஓடிவந்து படியில் நின்றது. "சார்? சார், என்ன ஆச்சு?" என்று பதறினார். ஒன்றுமில்லை என்று கத்தினேன்.

திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தான். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை போடச் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் எனக்காக அப்படிச் சொன்னானா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு நம்பினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் நின்றுபோனது. கதவு சாத்துவது கேட்காது. நாற்காலி நகர்வது கேட்காது. கழுத்தில் கையை வைத்துக்கொண்டே படிப்பான், முனகல் வராது. நான் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தால் பக்கத்தில் நிற்பான், எப்போது வந்தான் என்று தெரியாது. காலையில் எழுந்ததும் அவன் இருக்கிறானா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முன்பெல்லாம் படுக்கையில் இருந்தபடியே தெரிந்துவிடும்.

வேலைக்கு இது நல்லது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது மாதம் பிறந்ததும் நூலகத் தலைவி என்னை நேரில் வரச் சொன்னார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். ரயிலில் உட்கார முடியவில்லை. வண்டலூர், ஊரப்பாக்கம் எல்லாம் நின்றபடியே போனேன்.

நூலக வாசலிலேயே கடைநிலை ஊழியரான அக்கா பிடித்துக்கொண்டார். கடலோரக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக பஸ் மாறி மாறி வருகிறவர். அவர் அம்மா மீன் கூடையோடு தெருத்தெருவாகக் கூவி விற்றவராம். அந்தக் குரல் இவருக்கும் வந்திருந்தது. அவரை வேலைக்கு எடுத்ததும் இதே நூலகத் தலைவிதான். என் மகனைப் பற்றி முன்பு ஒரு தடவை, "அவன் டிராலிய தள்ளிகினு வந்தா நம்ம தாம்பரத்துல ஏரோபிளேன் எறங்கற மாதிரி கீது சார்" என்று என்னிடம் சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இன்னா சார் பண்ண உன் புள்ளய?"

"ஏங்க்கா?"

"பேய் மாதிரி வர்றான் சார். குனிஞ்சு பெருக்கிகினு கீறேன், திரும்பினா மூஞ்சிக்கு நேரா நிக்கிறான். உசுரே பூட்ச்சு. ஒரே பேஜாரா கீது. முன்ன மாதிரி இருந்தா தேவல."

உள்ளே நூலகத் தலைவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி சத்தம்னு புகார் சார். இப்ப ஆளைக் காணோம்னு புகார்."

எனக்குப் புரியவில்லை.

"புத்தக அடுக்கெல்லாம் தனி ஹால்ல இருக்கு. ஆள் உயரத்துக்கு மேல ரேக்கு, வரிசை வரிசையா. இவன் அதுக்குள்ள எங்கயோ அடுக்கிட்டு இருப்பான். நேத்து ஒரு பொண்ணு அவனைத் தேடி ஹால் பூரா சுத்திட்டு அழற மாதிரி வந்து நிக்குது. அவன் அடுத்த வரிசையிலதான் இருந்திருக்கான். மத்தவங்கன்னா, சார்னு ஒரு குரல் குடுத்தாப் போதும். இவனை எப்படிக் கூப்பிடறது?" கொஞ்சம் நிறுத்தினார். "முன்னாடி அந்த டிராலி எங்க கிறீச்சிடுதோ அங்க போவாங்க சார் பசங்க. அந்தத் தொண்டைச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போவாங்க. அதுதான் அவன் இருக்கற இடம். இத்தனை வருஷமா இந்த வேலைல இருக்கேன், எனக்கே இப்பதான் உறைக்குது. டிராலிக்கு எண்ணெய் வேற போட வெச்சேன்."

சமையலறையில் நின்றபடியே, 'இப்ப அலமாரியைத் திறக்கறான்' என்று சொல்லும் என் மனைவியின் குரல் அந்த இடத்தில் எனக்குக் கேட்டது.

"அப்ப வேலை?" என்றேன்.

"வேலைக்கென்ன? கூட நடக்கறான்னு எல்லாப் பசங்களும் அவனைத்தான் தேடறாங்க. கவுன்ட்டருக்கு வரவே பயந்த பிள்ளைங்க கையாலயே அவன்கிட்ட கேக்குது. நிரந்தரம் பண்ணலாம்னு எழுதிட்டேன். படிக்கற ஹாலுக்கும் அடுக்கு ஹாலுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு, கட்டினதுலேர்ந்து தொறந்தே கெடக்குது. அதை இனிமே சாத்தி வைக்கப் போறோம். அந்தப் பக்கம் அவன் எப்படி வேணா இருக்கட்டும்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் கத்துறேன்னு கத்துறேன்னு திட்டினீங்களே, அன்னிக்கு அந்தக் கதவ சாத்தணும்னு தோணல பாரு மேடம்!"

"நீ கதவைச் சாத்தினாலும் கேக்குமே" என்றார் நூலகத் தலைவி.

இதை அவனிடம் சொல்ல வேண்டும். அவனைக் கூப்பிட்டு வந்தார்கள். நான் கையைத் தூக்கினேன், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். நூலகத் தலைவி இதற்குள் அவனிடமிருந்து கொஞ்சம் சைகை கற்றிருந்தார், என்னைவிட அதிகம். அவர்தான் சொன்னார். டிராலி, கதவு, மாணவர்கள், தேடுகிறார்கள். கழுத்தைத் தொட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். அவன் என் பக்கம் திரும்பினான். கண்ணாடியைத் தொடுவதுபோல என் பெயரைச் சொன்னான். விரல்களால் ஒரு வட்டத் தட்டை வரைந்து, தண்ணீர் நடுங்குவதைக் காட்டி, கையை விரித்தான். அப்படியானால் அதெல்லாம் எதற்கு?

அவன் தோளைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன்.

நிரந்தர ஆணை வந்த மாதத்தில் நூலகத் தலைவி என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். இன்னொரு இடம் காலியாகப் போகிறது, உங்கள் மகனின் நண்பர்களில் நூலகப் படிப்பு முடித்தவர்கள் இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றார். தாம்பரம் ரயில் நிலையத்தில் சனிக்கிழமை மாலைகளில் காது கேளாத இளைஞர்கள் நடைமேடையின் கோடியில் கூடுவார்கள். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று கையால் பேசிக்கொள்வார்கள், கைதட்டிச் சிரிப்பார்கள். நான் பல தடவை தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு அவனோடு அந்த வட்டத்துக்குள் போனேன். எல்லாரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தாளில் எழுதினேன். அதைப் படித்து என் மகன் அவர்களுக்குக் கையால் எடுத்துச் சொன்னான். நேர்காணலில் என்னால் முடியாததை அவன் எனக்குச் செய்துகொண்டிருந்தான். அவன் எதையோ சேர்த்துச் சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று கேட்டேன். தட்டையும் தண்ணீரையும் காட்டினான். நானும் சிரித்தேன். ஒரு பெண் விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ரயில் வந்தது, போனது. எனக்கு அங்கே அதற்குமேல் வேலை இல்லை. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த சில வாரங்களில் அவன் கல்லூரிக்குப் பக்கத்தில் இரண்டு நண்பர்களோடு அறை எடுத்துக்கொண்டு போனான். நூலகம் பரீட்சைக் காலத்தில் இரவு எட்டுவரை திறந்திருக்கும், ரயில் பயணம் மிச்சம், தண்டவாளப் பயமும் உங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் காட்டினான். ஒவ்வொரு காரணமும் சரியாக இருந்தது. எந்த வேலைக்காக நான் பயந்து பயந்து நின்றேனோ அந்த வேலைதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. போகட்டும் என்றுதானே நானும் வேண்டிக்கொண்டேன். பெட்டியை அவன் தூக்கிக்கொண்டு இறங்கியபோது வாசல்படி ஒன்றில்கூட இடிக்கவில்லை.

வீட்டில் இப்போது நான் மட்டும். தட்டு சமையலறையில் கவிழ்த்து வைத்திருக்கிறது. மாடி வீட்டு அம்மா அவ்வப்போது படியில் நின்று, "சார், இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். சத்தமே வரலியே என்பார். சில நாள் அவருக்காகவே நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரி போனேன். படிக்கும் ஹால் நிறைந்திருந்தது. அக்கா வாயைத் திறக்காமல் கையால் அந்தக் கதவைக் காட்டினார். திறந்து, பின்னால் சாத்திக்கொண்டேன். உள்ளே உயர உயரமாக ரேக்குகள், ஆள் யாரும் கண்ணில் படவில்லை. அசையாமல் நின்றேன். எங்கோ தள்ளி ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. புத்தகம் ஒன்று பொத்தென்று இரும்புத் தட்டில் விழுந்தது. என் நெஞ்சு வழக்கம்போல ஒரு தடவை துள்ளி அடங்கியது. அதற்குப் பின்னால், விட்டு விட்டு, ஒரே சுருதியில் அந்த முனகல் வந்தது. கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டிருக்கிறான்.

பாடறான் பாருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. குரல் கொடுத்துப் பயனில்லை, அவன் பார்க்கும்போதுதான் நான் வந்தது அவனுக்குத் தெரியும். சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, டிராலி திரும்பி என் வரிசைக்கு வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.